பள்ளிக்கு ஒரு விதி, கல்லூரிக்கு ஒரு விதி: அமெரிக்கக் கூடைப்பந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் பற்றிய பேச்சு இது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் பற்றியது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அங்கெல்லாம் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிநூல் ஒன்றே பள்ளி மாணவருக்கும் தேசிய அணிக்கும் பொருந்துகிறது. இந்த ஆட்டம் பிறந்த நாட்டில்தான் நிலைமை வேறு. அங்கே ஒரு மாணவர் 12ஆம் வகுப்பு முடியும்வரை ஒரு விதிநூலின்படி ஆடுகிறார். கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில் வேறொரு விதிநூலுக்கு மாற வேண்டியிருக்கிறது. கல்லூரி விதிநூலும் ஒன்றல்ல, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால் அங்கே இன்னொன்று.

நடைமுறையில் என்னென்ன வேறுபடுகின்றன?

முதலில் வேறுபடாதவற்றைச் சொல்லிவிடலாம். வளையம் எல்லோருக்கும் 10 அடி உயரத்தில் இருக்கிறது. எதிரணியின் ஃபவுலுக்கு ஈடாகத் தடையின்றி எறியும் எறியான ஃப்ரீ த்ரோவுக்குரிய கோடு பலகையிலிருந்து 15 அடி தொலைவில் இருக்கிறது. ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். பந்தின் அளவு பாலினத்தைப் பொறுத்து மாறுகிறதே தவிர, பள்ளியா கல்லூரியா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.

வேறுபடுபவை ஆட்டத்தின் ஓட்டத்தைத் தீர்மானிப்பவை. பள்ளி ஆட்டம் எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக, மொத்தம் 32 நிமிடங்கள் நடக்கிறது. கல்லூரி ஆண்கள் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு அரைப்பகுதிகளாக ஆடிப் பழகியவர்கள். கல்லூரிப் பெண்கள் 2015-16 பருவம் முதல் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக ஆடுகிறார்கள். வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளிகள் தரும் மூன்று புள்ளிக் கோடு பள்ளியில் வளையத்திலிருந்து 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரியில் அது 22 அடி 1¾ அங்குலம். பள்ளி ஆடுகளத்தின் வழக்கமான நீளம் 84 அடி, கல்லூரியில் 94 அடி. கல்லூரியில் 30 விநாடிகளுக்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும்; இந்தக் கெடுவைக் காட்டும் கடிகாரமே ஷாட் கிளாக். பள்ளியில் அப்படி ஒரு கெடு இருக்கிறதா இல்லையா என்பதே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வளையத்தின் அடியில் தரையில் வரையப்படும் அரைவட்டம் கல்லூரியில் உண்டு, பள்ளி விதிநூலில் இல்லை.

இந்த விதிகளை வகுப்பவர்கள் யார்? ஏன் இரண்டு அமைப்புகள்?

பள்ளி விதிகளை மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.எச்.எஸ். வகுக்கிறது. கல்லூரி விதிகளைக் கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ. வகுக்கிறது. இரண்டுக்கும் தலைமையகம் இண்டியானாபொலிஸ் என்ற ஒரே நகரத்தில்தான் இருக்கிறது என்பது இந்த விவாதத்தில் நான் மறக்காமல் குறிப்பிடும் செய்தி.

பலருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. 1970களின் இறுதிவரை பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமான விதிகளைப் பொதுவான ஒரு தேசியக் குழுவே வகுத்துவந்தது. அது கலைந்த பிறகுதான் இரண்டு அமைப்புகளும் தத்தம் குழுக்களை அமைத்துக்கொண்டன. ஆகவே ஒரே விதி என்பது எங்கிருந்தோ வந்த புதுமையான யோசனை அல்ல. 1891 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதி ஒட்டிய 13 விதிகளிலிருந்து கணக்கிட்டால், பிரிந்திருந்த காலத்தைவிடச் சேர்ந்திருந்த காலமே நீண்டது.

எல்லா விதிகளும் ஒன்றாக வேண்டும் என்பதுதான் உங்கள் நிலைப்பாடா?

இல்லை. பதினான்கு வயதுச் சிறுவனின் தோள்வலிமைக்காகவோ, ஒரு சிற்றூர்ப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தின் நீளத்துக்காகவோ வேறுபடும் விதி வேறுபட்டே இருக்கட்டும். அப்படி எந்தக் காரணமும் இல்லாமல், இரண்டு குழுக்கள் இரண்டு அறைகளில் உட்கார்ந்து முடிவெடுப்பதனால் மட்டுமே வேறுபட்டு நிற்கும் விதி ஒன்றாக வேண்டும். ஒவ்வொரு விதியையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். மொத்தமாக ஆம் என்பதும் மொத்தமாக இல்லை என்பதும் சிந்திக்கும் உழைப்பைத் தவிர்ப்பதற்கான வழிகளே.

ஷாட் கிளாக் பள்ளிகளுக்குத் தேவையா?

அதிகமாக வாதிடப்படும் கேள்வி இதுதான். எதிர்ப்பவர்களின் கட்சியை அதன் வலுவான வடிவில் முதலில் சொல்வதே முறை.

1954ஆம் ஆண்டு இண்டியானா மாநில இறுதி ஆட்டத்தில், 161 மாணவர்களே படித்த மிலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என்ற கணக்கில் வென்றது. கடைசிக் கால்பகுதியில் மிலன் அணியின் பாபி பிளம்ப் 4 நிமிடம் 13 விநாடிகள் பந்தை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்டத்தின் கடைசி எறியைப் போட்டு வெற்றி தேடித் தந்தவரும் அவரே. ஷாட் கிளாக் இருந்திருந்தால் அந்த நான்கு நிமிடங்கள் இல்லை; அந்த வெற்றியும் ஐயத்துக்குரியதாகியிருக்கும். உயரமும் ஆள்பலமும் இல்லாத பள்ளிக்கு நிதானமாக ஆடுவது ஒரு தற்காப்பு ஆயுதம். அதைப் பிடுங்கினால் பெரிய பள்ளிகளே எப்போதும் வெல்லும் என்கிறார்கள். இது மரபின் மீதுள்ள வெறும் பற்று அல்ல, நியாயமான வாதம்.

ஆயினும் நான் மறுபக்கத்தில் நிற்கிறேன். நிதானமாக ஆடுவது வேறு, ஆடாமல் இருப்பது வேறு. 1950 நவம்பரில் தொழில்முறை ஆட்டம் ஒன்று 19-18 என்று முடிந்ததும், சில ஆண்டுகளுக்குள் 24 விநாடி விதி அங்கே வந்தது. கல்லூரிகள் பாடம் கற்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1982இல் வட கரோலினா, வர்ஜீனியா பல்கலைக்கழகங்கள் மோதிய, அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டணியின் இறுதி ஆட்டத்தில், மைக்கேல் ஜோர்டானும் ரால்ஃப் சாம்ப்சனும் களத்தில் இருந்தும், பந்து நிமிடக்கணக்கில் வளையத்தின் பக்கமே போகாமல் கைமாறிக்கொண்டிருந்தது. ஆட்டம் 47-45 என்று முடிந்தது. 1985-86இல் ஆண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு 45 விநாடிக் கெடு வந்தது. 1993-94இல் அது 35 ஆகி, 2015-16இல் 30 ஆனது. கல்லூரிப் பெண்கள் 1970களின் தொடக்கத்திலேயே 30 விநாடிக் கெடுவுடன் ஆடத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விதியில் பெண்கள்தான் முன்னே நடந்தார்கள்.

கெடு இல்லாத ஆட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவருக்கு, எட்டு விநாடிகளே மீதமிருக்கும்போது எந்த எறி நல்ல எறி என்று தீர்மானிக்கும் பழக்கம் வருவதில்லை. தடுப்பாட்டத்திலும் அப்படித்தான்: முப்பது விநாடிகள் உறுதியாக நின்றால் பந்து நமக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையே ஒரு அணியைக் கட்டுக்கோப்பாக நிற்கவைக்கிறது. இது வயதைப் பொறுத்தது அல்ல, பயிற்சியைப் பொறுத்தது.

அப்படியானால் பள்ளிக் கூட்டமைப்பு ஏன் தயங்கியது?

செலவும் ஆள் பற்றாக்குறையும் முதன்மைக் காரணங்கள். இரண்டு கருவிகளை வாங்கிப் பொருத்த வேண்டும். அதைவிடக் கடினம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரை மேசையில் உட்கார வைப்பது. பந்து வளையத்தைத் தொட்டதா, எதிரணி பந்தைக் கைப்பற்றியதா என்று விநாடிக்கு விநாடி கவனித்து இயக்க வேண்டிய வேலை அது. நகரப் பள்ளிக்கு இது பெரிதல்ல. மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டாத பள்ளிக்கு இது உண்மையான சுமை.

கலிஃபோர்னியா, நியூயார்க், மாசச்சூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் கூட்டமைப்பின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் முன்பே ஷாட் கிளாக்கைக் கொண்டுவந்தன. அதன் விலை, விதிக்குழுவில் அமரும் உரிமையை இழப்பது. மாற்றத்தைச் செய்துபார்த்த மாநிலங்களின் அனுபவம், அதைப் பற்றி முடிவெடுக்கும் மேசைக்கு வர முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. 2021இல்தான் கூட்டமைப்பு மனம் மாறி, 2022-23 பருவம் முதல் விரும்பும் மாநிலங்கள் 35 விநாடிக் கெடுவை ஏற்கலாம் என்றது. கட்டாயமாக்காமல் மாநிலங்களிடம் விட்டது சரியான படி. ஆனால் 30 என்றிருந்த கல்லூரிக் கணக்கை விட்டு 35 என்று ஏன் வைக்க வேண்டும்? பழகுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் என்ற விளக்கத்தைத் தொடக்க ஆண்டுகளுக்கு ஏற்கலாம்.

மூன்று புள்ளிக் கோட்டையும் ஒன்றாக்கலாமா?

வேண்டாம். 1986-87இல் கல்லூரிகளும் அடுத்த பருவத்தில் பள்ளிகளும் இந்தக் கோட்டைக் கொண்டுவந்தபோது இரண்டு இடங்களிலும் ஒரே தொலைவுதான், 19 அடி 9 அங்குலம். கல்லூரி ஆட்டக்காரர்களின் திறன் வளர வளர அவர்களுடைய கோடு பின்னால் போயிற்று: ஆண்களுக்கு 2008-09இல் ஓர் அடி, 2019-20இல் ஃபிபாவின் 6.75 மீட்டர் வரை. பெண்களும் பின்னர் அதே கோட்டுக்கு வந்தார்கள். பள்ளிக் கோடு நகரவில்லை, நகரத் தேவையுமில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவியை 22 அடியிலிருந்து எறியச் சொன்னால், தொலைவை எட்டுவதற்காகப் பந்தை இடுப்பிலிருந்து வீசும் தவறான பழக்கம் கைக்கு வந்துவிடும். பின்னாளில் எந்தப் பயிற்சியாளராலும் அதை எளிதில் திருத்த முடியாது. சரியான முறையில் எறியக் கற்றவர், பதினெட்டு வயதில் இரண்டடி பின்னால் போய்ப் பழகிக்கொள்வார்.

ஆட்ட நேரம்?

32 நிமிடங்களே பள்ளிக்குப் போதும். ஒரே மாலையில் பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் அவற்றுக்கு முன் இளநிலை அணிகளின் ஆட்டங்களும் அதே கூடத்தில் நடக்கின்றன. மறுநாள் காலையில் வகுப்பும் இருக்கிறது. மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் பள்ளிகள் 18 நிமிடங்கள் கொண்ட இரண்டு அரைப்பகுதிகளாக ஆடுகின்றன. பள்ளிகளுக்கு உள்ளேயே ஒருமை முழுமையாக இல்லை.

ஃபவுல் கணக்கிலும் வேறுபாடு இருக்கிறதா?

இருக்கிறது. காரணமில்லாத வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

நெடுங்காலமாக வழங்கிவந்த முறை இது: ஓர் அரைப்பகுதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்ததும், ஒரு ஃப்ரீ த்ரோ எறி கிடைக்கும், அது விழுந்தால் மட்டுமே இரண்டாவது எறி கிடைக்கும், பத்தாவது ஃபவுலிலிருந்து கட்டாயம் இரண்டு எறிகள். கல்லூரிப் பெண்கள் 2015-16இல் இதைக் கைவிட்டு, ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு எறிகள் என்று மாற்றினார்கள். கால்பகுதி முடிந்ததும் கணக்கு அழிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பள்ளிகள் 2023-24இல் அதையே ஏற்றன. தவறிய எறிக்குப் பின் பந்துக்காக முண்டியடிக்கும்போது ஏற்படும் காயங்களைக் குறைப்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆக, ஒரே பள்ளியில் ஒரே விதியின்படி ஆடிய அண்ணனும் தங்கையும் கல்லூரிக்குப் போகும்போது, தங்கைக்குப் பழகிய கணக்கே தொடர்கிறது. அண்ணன் பழைய கணக்குக்குத் திரும்புகிறான். இதற்கு உடலியல் காரணமோ செலவுக் காரணமோ எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விதி வேறுபாட்டால் ஒருவருடைய வாழ்க்கை உண்மையிலேயே பாதிக்கப்பட்டதுண்டா?

உண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1890களின் தொடக்கத்தில் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் பெண்களுக்குக் கூடைப்பந்து கற்பித்தபோது, அவர்கள் அளவுக்கு மீறிக் களைத்துவிடக் கூடாது என்ற அந்தக் கால நம்பிக்கைப்படி களத்தைப் பகுதிகளாகப் பிரித்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஆறு பேர் ஆட்டம். மூவர் தாக்குவார்கள், மூவர் தடுப்பார்கள். யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. தடுப்பவர் பள்ளி வாழ்க்கை முழுவதும் ஒரு முறைகூட வளையத்தை நோக்கி எறியாமலே முடித்துவிடலாம்.

கல்லூரிப் பெண்கள் ஆட்டம் 1971இல் ஐவர் முழுக்களத்தில் ஆடும் முறைக்கு மாறியது. 1972இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (டைட்டில் IX) வந்தது. பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கத் தொடங்கியது. பள்ளி விதி மட்டும் பல மாநிலங்களில் அப்படியே நின்றது. எறியவே கற்பிக்கப்படாத ஒரு தடுப்பாட்டக்காரிக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை தரும்? டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி இந்தக் கேள்வியோடுதான் நீதிமன்றம் போனார். 1976இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 1979இல் ஆர்கன்சாவில் மற்றொரு மாணவி தொடுத்த வழக்கில், ஆண்களுக்கு முழுக்களமும் பெண்களுக்கு அரைக்களமும் என்ற வேறுபாடு அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அயோவாவில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரையிலும், ஓக்லஹோமாவில் 1995 வரையிலும் நீடித்தது.

அயோவாவின் ஆறு பேர் ஆட்டத்தை இழிவாகப் பேசுவது என் நோக்கமன்று. சிற்றூர்கள் முழுவதும் திரண்டு டெ மாய்ன் நகரத்துக்கு வந்து தங்கள் பெண்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்த நாட்கள் அவை; பெண்கள் விளையாட்டை நாட்டின் பிற பகுதிகள் பொருட்படுத்தாத காலத்தில் அங்கே அரங்கங்கள் நிறைந்தன. அந்தப் பெருமை உண்மையானது. அதே வேளையில் எத்தனையோ பெண்களுக்குக் கல்லூரிக் கதவைச் சாத்தியதும் அந்த விதிதான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளியில் ஆடுபவர்களில் மிகச் சிலரே கல்லூரியில் ஆடுகிறார்கள். அவர்களுக்காக எல்லோருக்கும் விதியை மாற்றலாமா?

2018-19இல் சுமார் 5,40,000 மாணவர்களும் ஏறத்தாழ 4,00,000 மாணவிகளும் பள்ளி அணிகளில் ஆடினார்கள். என்.சி.ஏ.ஏ. அணிகளுக்குப் போவோர் நூற்றுக்கு நான்கு பேர் அளவிலேயே இருக்கிறார்கள். எஞ்சிய தொண்ணூற்றாறு பேருக்குப் பள்ளி ஆட்டமே முழு ஆட்டம். அது அவர்களுக்கு எதற்கோ முன்னோட்டம் அல்ல. ஆகவே "கல்லூரியில் இப்படித்தான்" என்பதை மட்டும் காரணமாகக் காட்டிப் பள்ளி விதியை மாற்றுவதை நானும் ஏற்பதில்லை. எந்த மாற்றமும் அந்தத் தொண்ணூற்றாறு பேருக்கும் நன்மை தருவதாக இருக்க வேண்டும். ஷாட் கிளாக்கும் புதிய ஃபவுல் கணக்கும் இந்தத் தேர்வில் தேறுகின்றன. நீண்ட மூன்று புள்ளிக் கோடு தேறுவதில்லை.

வளையத்தின் அடியிலுள்ள அரைவட்டம் எதற்கு? பள்ளிகளுக்கு அது வேண்டுமா?

பந்தோடு பாய்ந்து வருபவரின் வழியில் தடுப்பவர் அசையாமல் நின்று மோதலை வாங்கிக்கொண்டால் ஃபவுல் பாய்ந்தவருக்குத்தான். இதைப் பயன்படுத்தி, வளையத்தின் நேர் கீழே போய் நின்றுகொள்ளும் உத்தி பரவியது. உயரே எழும்பியவர் இறங்க இடமில்லாமல் இன்னொருவர் மேல் விழுகிறார். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2011-12இல் 3 அடி ஆரத்திலும், 2015-16இல் 4 அடி ஆரத்திலும் அரைவட்டம் வரைந்து, அதற்குள் நின்று இப்படி ஃபவுல் வாங்க முடியாது என்றார்கள். ஃபிபாவிலும் இது உண்டு.

பள்ளியில் இல்லாததற்குச் சொல்லப்படும் காரணம், இரண்டே நடுவர்கள் நடத்தும் ஆட்டங்களில் காலடியையும் மோதலையும் ஒருசேரப் பார்ப்பது கடினம் என்பது. கடினம்தான். ஆனால் விழுபவர் பதினைந்து வயதுப் பிள்ளை. கல்லூரி மாணவருக்குத் தேவை என்று கருதப்பட்ட பாதுகாப்பு அவரைவிட இளையவருக்கு ஏன் தேவையில்லை என்பதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. தரையில் ஒரு கோடு வரைய ஆகும் செலவு பெயிண்டின் செலவு மட்டுமே.

நடுவர்களுக்கு இதனால் என்ன சிரமம்?

செவ்வாய்க்கிழமை பள்ளி ஆட்டத்தையும் சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்தையும் நடத்தும் நடுவர்கள் பலர். பந்தைத் தட்டிக்கொண்டே நிற்பவரை ஆறடிக்குள் நெருங்கித் தடுத்தால், பள்ளி ஆட்டத்தில் நடுவர் ஐந்து விநாடி எண்ண வேண்டும். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2015-16 முதல் எண்ண வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கத்தில் கை தானாக எண்ணத் தொடங்கிவிடும். இத்தகைய சின்னஞ்சிறு வேறுபாடுகள் டசன் கணக்கில் இருக்கின்றன. 2018-19க்கும் 2021-22க்கும் இடையில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துச் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகினார்கள் என்று கூட்டமைப்பே கவலை தெரிவித்தது. விலகியதற்குப் பெருந்தொற்றும் பார்வையாளர்களின் வசைகளுமே பெருங்காரணங்கள், விதிநூல் அல்ல. எனினும் புதிதாக வரும் ஒருவர் படிக்க வேண்டிய விதிநூல்களைக் குறைப்பது நம்மால் இயன்ற உதவி.

சென்னையில் எப்படி ஆடுகிறார்கள்?

இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஃபிபாவில் உறுப்பு என்பதால், பள்ளிப் போட்டியும் பல்கலைக்கழகப் போட்டியும் ஒரே விதிநூலின்படி நடக்கின்றன: பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், 24 விநாடிக் கெடு. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக், நெய்ஸ்மித் ஆட்டத்தைப் படைத்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். வேர் ஒன்றுதான்; விதிநூல்தான் பிரிந்துபோயிற்று. ஃபிபாவும் சிறுவர்களுக்கு விலக்குத் தரத்தான் செய்கிறது: மினி கூடைப்பந்தில் பந்து சிறியது, வளையம் 2.60 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. சிறுவர் வளர்ந்த பிறகு ஒரே விதிக்குள் வருகிறார்.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வீர்கள்?

மாற வேண்டியது பள்ளியாக இராது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தை நான்கு கால்பகுதிகளாக்கி, ஐந்தாவது ஃபவுலில் இரண்டு எறிகள் என்ற கணக்குக்குக் கொண்டுவருவேன். 2025இல் என்.சி.ஏ.ஏ. விதிக்குழுவே அந்தத் திசையில் ஆர்வம் காட்டியது. தொலைக்காட்சி விளம்பர இடைவேளைகளை எப்படி மாற்றி அமைப்பது என்பதுதான் தடையாகப் பேசப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிப் பெண்களும் ஏற்கெனவே அந்தக் கணக்கில்தான் ஆடுகிறார்கள். புதிய கருவி வேண்டாம், மேசையில் கூடுதலாக ஓர் ஆள் வேண்டாம், களத்தில் ஒரு கோடுகூட நகர வேண்டாம்.